ஞாயிறும் புதனும் இல்லாத அட்டவணை

என்ரை மகள் கோபிகாவுக்கு வாயே இல்லை எண்டு ஊர் சொல்லும். சுத்தப் பொய். வாய் இருக்கு. அவளுக்கும் சேத்து நான் கதைக்கிறதாலை அவளுக்கு இடம் கிடைக்கிறேல்லை. இது நான் சொன்னதில்லை, அவளின்ரை அப்பா சொன்னது. மனிசன் வவுனியா பஸ் ஓடுறவர். கிழமையிலை ரண்டு நாள்தான் வீட்டிலை நிப்பார், அந்த ரண்டு நாளும் என்னைச் சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது.

நாங்கள் தெல்லிப்பழைக்கு வடக்காலை, கடல் காத்து வாற பக்கம். எனக்குச் சீதனமா வந்த எட்டுப் பரப்புத் தோட்டம், அதிலை வெங்காயம். கிணறு பங்குக் கிணறு. பாதி எனக்கு, பாதி என்ரை தமையன் தியாகராசாவுக்கு. ஞாயிறும் புதனும் அவரின்ரை முறை, திங்களும் வியாழனும் என்ரை முறை. ஒராளின்ரை முறை நாளிலை மற்றாள் கிணத்திலை வாளி கூடப் போடுறேல்லை. ஆரும் எழுதி ஒட்டின சட்டமில்லை. ஆனால் பங்குக் கிணறு இருக்கிற எந்த வீட்டிலையும் கேட்டுப் பாருங்கோ, இதைத்தான் சொல்லுவினம்.

சண்டைக் காலத்திலை பிடிச்சு வைச்சிருந்த காணியை ஆமி திருப்பித் தந்து, நாங்கள் ஊருக்கு வரேக்கை கோபிகாவுக்குப் பத்து வயது. கிணத்துக்குள்ளை ஆலமரம் முளைச்சு நிண்டது. அண்ணையும் நானும் ஆள் பிடிச்சு, மரத்தை வெட்டி, சேறு அள்ளி, ஒரு மாதிரித் தண்ணியைக் கண்டனாங்கள். எல்லாரும் தண்ணியை அள்ளிக் குடிச்சுச் சந்தோசப்படேக்கை இவள் கயித்திலை கல்லைக் கட்டி இறக்கி, முழம் போட்டு, ஒரு கொப்பியிலை எழுதினாள். "ஏனடி உது?" எண்டு கேட்டன். "எவ்வளவு இருக்கெண்டு தெரியவேணும்தானே" எண்டாள். ஆள் அப்பிடி. கண்ணாலை கண்டதை எழுதாமல் விடமாட்டாள், காணாததைச் சொல்லவும் மாட்டாள்.

கம்பஸிலை படிக்க இடம் கிடைக்கேல்லை. ரவுணிலை ஒரு கொலிஜிலை நிலத்தடி நீர் பற்றின டிப்ளோமா படிக்கப் போனாள். கொலிஜின்ரை பேர் வேண்டாம், நாளைக்கு அவை என்னோடை சண்டைக்கு வருவினம், நானும் விடமாட்டன். கடைசி வருசம் ஒரு புரொஜெக்ற் செய்யவேணும். இவள் எங்கடை கிணத்தையே எடுத்தாள். தண்ணியிலை உவர் எப்ப ஏறுது, எப்ப இறங்குது எண்டு பாக்கிறது. பேனை மாதிரி ஒரு மீற்றர் குடுத்தவை. தண்ணிக்குள்ளை வைச்சால் இலக்கம் காட்டும், இலக்கம் கூடினால் உவர் கூட. தை, மாசி, பங்குனி மூண்டு மாசமும் விடியக் காலமை ஆறு மணிக்குப் பனிக்குள்ளை போய் போத்திலை இறக்கித் தண்ணி எடுத்து அளப்பாள். "மற்றப் பிள்ளையள் மாப்பிள்ளையின்ரை படம் பாக்குதுகள், நீ மீற்றரைப் பார்" எண்டு நான் பகிடி பண்ணுவன். சிரிச்சுப்போட்டு எழுதுவாள்.

ஆனியிலை மாக்ஸ் வந்தது. டி.

டி எண்டால் டிப்ளோமா இல்லை. டிப்ளோமா இல்லையெண்டால் வேலைக்கு விண்ணப்பம் போடவும் ஏலாது. அதைக் கூடப் பொறுத்திருப்பன். கீழை ஒரு வரி எழுதிக் கிடந்தது: "தரவுகள் நம்பத்தகுந்தவையல்ல. கற்பனையாக எழுதப்பட்டிருக்கலாம்." கோபிகா அதை வாசிச்சிட்டுத் தாளை நாலா மடிச்சு வைச்சிட்டுச் சட்டி கழுவப் போனாள். ஒரே சட்டியை மூண்டு தரம் கழுவினாள்.

அடுத்த நாள் நல்ல சீலை ஒண்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப்போட்டன். "அம்மா வேண்டாமணை, அம்மா வேண்டாமணை" எண்டு கோபிகா பின்னாலையே வந்தாள். மாக்ஸ் போட்டவர் றஜிந்தன் எண்டு ஒரு சேர். வெங்காயம் கிண்டின பிறகு எங்கடை கிணத்தை அளக்க வந்து போனவர். முப்பது வயசு இருக்கும், மெலிஞ்ச ஆள். "வாங்கோ அம்மா, இருங்கோ" எண்டு கதிரை தந்தார். மரியாதையாக் கதைச்சால் எனக்கு இன்னும் கோவம் வரும், ஏனெண்டால் திட்ட வழியில்லை.

"என்ரை பிள்ளை பொய் எழுதமாட்டாள்" எண்டன்.

அவர் கோபிகாவின்ரை அட்டவணையை எடுத்து எனக்கு முன்னாலை வைச்சார். "இதைப் பாருங்கோ அம்மா. திங்கள் காலமை ஆறு மணி. நீங்கள் இன்னும் மோட்டர் போடேல்லை. ஆனால் உவர் ரண்டாயிரத்து அறுநூறு. அதுக்கு முதல் அளந்தது சனிக்கிழமை, அண்டைக்கு ஆயிரத்து இருநூறுதான். கிணறு சும்மா கிடக்க உவர் எப்பிடி இரட்டிப்பா ஏறும்? நானே வந்து ஒரு கிழமை அளந்து பாத்தனான். ஆயிரத்து நூறைத் தாண்டேல்லை."

"நீங்கள் வரேக்கை வெங்காயம் கிண்டி இறைப்பும் முடிஞ்சிட்டுது, சேர்" எண்டு கோபிகா மெதுவாச் சொன்னாள்.

"ஓம், ஆனால் நீங்கள் திங்கள் நாலு மணித்தியாலம், வியாழன் நாலு மணித்தியாலம்தான் இறைக்கிறதெண்டு எழுதியிருக்கிறியள். அந்த நாலு மணித்தியாலம் தொடங்க முதலே எல்லோ உவர் ஏறியிருக்கு." பிறகு என்னைப் பாத்துக் கேட்டார். "சனிக்கும் திங்களுக்கும் இடையிலை ஞாயிறு எங்கை அம்மா? புதனும் இல்லை. மூண்டு மாசமா ஒரு ஞாயிறும் ஒரு புதனும் ஏன் அளக்கேல்லை?"

எனக்குப் பதில் தெரியும். கோபிகாவுக்கும் தெரியும். ஞாயிறும் புதனும் அண்ணையின்ரை முறை, நாங்கள் போத்தில் கூட இறக்கேலாது. அண்ணை அந்த நாளிலை காலமையிலையிருந்து பின்னேரம் மட்டும் இறைப்பார். அதாலைதான் அடுத்த நாள் விடிய உவர் ஏறிக் கிடக்கு. ஆனால் றிப்போட்டிலை அண்ணையே இல்லை. எங்கடை கிணறு எண்டு மட்டும்தான் எழுதியிருக்கிறாள்.

ஏனெண்டால் எங்கடை வீட்டிலை நாலு வருசமா அண்ணையின்ரை பேர் எடுக்கிறேல்லை. எல்லாம் நான் செய்த வேலை. அந்த வருசம் என்ரை வெங்காயத் தாள் எல்லாம் நுனி கருகிப்போச்சு. அண்ணை தன்ரை நேரம் முடிஞ்ச பிறகும் களவா இறைச்சுக் கிணத்தை வத்தப் பண்ணுறார் எண்டு நான் நினைச்சன். கூலிக்கு வந்த ஆக்களுக்கு முன்னாலை, கிணத்தடியிலை நிண்டு, "தண்ணிக் கள்ளன்" எண்டன். வேறையும் சொன்னன், அது இஞ்சை வேண்டாம். அவர் மோட்டரை நிப்பாட்டிப்போட்டுப் போயிட்டார். அதோடை போக்குவரத்து நிண்டுது. பிள்ளையும் நான் பேர் எடுக்காத ஆளைத் தன்ரை றிப்போட்டிலையும் எடுக்கேல்லை.

இதை அந்தச் சேருக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது? குடும்பச் சண்டையைக் கொலிஜிலை கொண்டுபோய்க் கொட்டுறதோ? நான் என்ன செய்தன் தெரியுமோ?

"அண்டைக்கு அவளுக்கு விரதம், சேர்" எண்டன்.

சேர் பேனையைக் கையிலை எடுத்தார். "விரதம் எண்டால் தண்ணியிலை மீற்றர் வைக்கக் கூடாதோ அம்மா?"

"எங்கடை வீட்டிலை கூடாது."

அவர் அதை அப்பிடியே எழுதினார். திரும்பி வாற பஸ்ஸிலை கோபிகா ஒரு வசனம்தான் கதைச்சாள். "அம்மா, நான் எழுதினதிலை ஒரு பொய்யும் இருக்கேல்லை. இப்ப ஒண்டு வந்திட்டுது." நான் யன்னலுக்கு வெளியாலை பாத்துக்கொண்டு வந்தன்.

மாக்ஸைத் திரும்பப் பாக்கச் சொல்லி எழுதிப் போட்டாள். மாற்றமில்லை எண்டு பதில் வந்தது, விளக்கம் ஏற்கக்கூடியதாக இல்லையாம். அதோடை ரண்டு வழி சொல்லியிருந்தவை. ஒண்டு, தரவுகள் பிழை எண்டு ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைச்சுக் குடுத்தால், புத்தகங்களைப் பாத்து ஒரு சின்னக் கட்டுரை எழுதலாம், சி கிடைக்கும், டிப்ளோமாவும் கிடைக்கும். மற்றது, புதுசா ஆதாரம் இருந்தால் கடைசி மேன்முறையீடு. அதிலை தோத்தால் டி டிதான். அடுத்த வருசப் பிள்ளையளோடை முதலிலையிருந்து தொடங்கவேணும். பதினாலு நாள் தவணை.

சண்டைக்காரி எண்டு பேரெடுத்த நான்தான் முதல் சொன்னன், "கையெழுத்தை வைச்சிட்டு விடு பிள்ளை. சி எண்டாலும் பாஸ்தானே." அவளுக்காக இல்லை, எனக்காகத்தான் சொன்னன். புது ஆதாரம் எங்கை கிடக்கு எண்டு எனக்குத் தெரியும்.

அவள் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு, "மாமா ஞாயிறும் புதனும் எத்தினை மணித்தியாலம் இறைச்சவர் எண்டு தெரிஞ்சால் காணும்" எண்டாள்.

"உந்தக் கதை இஞ்சை வேண்டாம்."

என்ரை முறை நாளெண்டால் தோட்டத்திலை பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறித் தருவாள், பின்னேரம் அட்டவணையை விரிச்சு வைச்சுப் பாத்துக்கொண்டிருப்பாள். அவளின்ரை அப்பா போனிலை கேட்டால், "யோசிக்கிறன் அப்பா" எண்டுவாள். பன்ரண்டாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை, மேசையிலை அந்தக் கடிதத்தை வைச்சுக்கொண்டு பேனையோடை இருந்தாள்.

"என்ன செய்யிறாய்?"

"கையெழுத்து வைக்கப்போறன் அம்மா. நீங்கள் மாமா வீட்டை போகவேண்டாம்."

கடிதத்தை வாங்கிப் பாத்தன். "நான் சமர்ப்பித்த தரவுகள் உண்மையானவை அல்ல என ஏற்றுக்கொள்கிறேன்" எண்டு கிடக்கு. மூண்டு மாசம் பனிக்குள்ளை நடுங்கி நடுங்கி அளந்த பிள்ளை. தன்னைத் தானே பொய்க்காரி எண்டு எழுதிக் குடுக்கப்போகுது. எதுக்கு? என்ரை வீறாப்புக்கு. "சீ! நீயும் ஒரு தாயோ?" எண்டு என்னையே திட்டினன். கடிதத்தை மடிச்சு இடுப்பிலை செருகினன்.

"பொறு. நான் வரும்வரைக்கும் பேனையைத் தொடாதை."

அண்ணை கிணத்தடியிலை நிண்டார். மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த வெங்காயம் நட்டு இறைப்புத் தொடங்கின காலம். என்னைக் கண்டதும் நிமிந்து பாத்தார். நாலு வருசத்திலை தலை நல்லா நரைச்சிட்டுது.

"இண்டைக்கு என்ரை முறை" எண்டார்.

"தெரியும். தண்ணிக்கு வரேல்லை."

எல்லாத்தையும் சொன்னன். டி, விரதம், கையெழுத்து எல்லாம். சொல்லேக்கை எனக்கு வெட்கமா இருந்தது, ஆனால் நிப்பாட்டேல்லை. அவர் மோட்டரை நிப்பாட்டினார். வீட்டுக்குள்ளை போனார். சரி, கதை முடிஞ்சுது எண்டு நான் திரும்ப வெளிக்கிட, கையிலை நாலு கலண்டரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். சாமிப்படம் போட்ட கலண்டர்கள். விரிச்சுக் காட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு புதனும் பேனையாலை எழுதிக் கிடந்தது. மோட்டர் போட்டது ஆறு பத்து, நிப்பாட்டினது நாலரை. போட்டது ஆறு, நிப்பாட்டினது ஐஞ்சு.

"உதென்னண்ணை?"

"நீ திரும்பவும் சண்டைக்கு வருவாய், அப்ப காட்டவேணும் எண்டு எழுதி வைச்சனான்" எண்டார். "நாலு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன், நீ வரேல்லை."

நான் ஒவ்வொரு மாசமாப் பாத்தன். ஒரு நாள் கூட அவர் இருட்டும் மட்டும் இறைக்கேல்லை. ஒரு நாள் கூட என்ரை முறைக்குள்ளை வரேல்லை. எனக்கு அழுகை வந்திட்டுது. "அண்ணை, நான் உங்களைக் கள்ளன் எண்டிட்டன்."

"கள்ளன் எண்டு மட்டுமோ? வேறையும் கனக்கச் சொன்னனீ" எண்டார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. பிறகு வீட்டுப் பக்கம் பாத்து மச்சாளைக் கூப்பிட்டு, "குணலட்சுமி வந்திருக்கிறாள், தேத்தண்ணி போடும். பிள்ளையையும் வரச்சொல்லி ஆள் அனுப்பும்" எண்டார்.

கோபிகா அட்டவணையோடை ஓடி வந்தாள். நாலு வருசத்துக்குப் பிறகு மாமனைக் காணுறாள், சுகம் விசாரிக்கவேணுமே? இல்லை. நிலத்திலை இருந்து கலண்டரையும் அட்டவணையையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சு விரலாலை பாத்துக்கொண்டே போனாள். மாமன் பத்து மணித்தியாலம் இறைச்சால் அடுத்த நாள் காலமை உவர் உச்சத்திலை நிக்குது. எட்டு எண்டால் கொஞ்சம் குறைவு. திடீரெண்டு நிமிந்தாள்.

"மாமா, மாசி ரண்டாம் ஞாயிறு ஒண்டும் எழுதேல்லை. ஏன்?"

"அண்டைக்குக் காய்ச்சல் மோனை. எழும்பவே இல்லை. இறைக்கேல்லை."

"அதுதான்!" எண்டு கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அண்டைக்குத்தான். "அடுத்த நாள் திங்கள் ஆயிரத்து முன்னூறுதான்! மூண்டு மாசத்திலை உவர் ஏறாத திங்கள் அது ஒண்டுதான். நானே விளங்காமல் திரும்பத் திரும்ப அளந்தனான். பாருங்கோ, மூண்டு தரம் எழுதிக் கிடக்கு!" மாமனுக்குக் காய்ச்சல் வந்ததெண்டு இப்பிடிச் சந்தோசப்பட்ட பிள்ளையை நான் வேறை எங்கையும் காணேல்லை.

"தோத்தால் ஒரு வருசம் போயிடும் பிள்ளை" எண்டன். சொல்லவேணுமே.

"போனால் போகட்டும் அம்மா. நான் அளந்தது உண்மை. அதை இல்லையெண்டு எழுதமாட்டன்." கடிதத்தை என்ரை இடுப்பிலையிருந்து தானே எடுத்துக் கிழிச்சாள்.

மேன்முறையீட்டு விசாரணைக்கு மூண்டு பேர் இருந்தவை, நடுவிலை கண்ணாடி போட்ட ஒரு அம்மா. றஜிந்தன் சேர் ஒரு கரையிலை. அண்ணை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கலண்டர் நாலையும் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு எங்களோடை வந்தார். எல்லாத்தையும் பாத்த பிறகு அந்த அம்மா கோபிகாவைக் கேட்டா, "இவ்வளவு முக்கியமான விசயத்தை ஏன் றிப்போட்டிலை எழுதேல்லை?"

"எங்கடை வீட்டிலை மாமாவின்ரை பேர் சொல்லுறேல்லை, மிஸ். அதாலை எழுதாமல் விட்டனான். அது என்ரை பிழை."

"அப்ப இதிலை விரதம் எண்டு கிடக்கே?"

கோபிகா வாய் திறக்க முதல் நான் எழும்பிட்டன். "அது என்ரை பொய், மிஸ். தமையனோடை கோவம் எண்டு சொல்ல வெட்கப்பட்டு நான் சொன்ன பொய். இந்தக் கோப்பிலை பொய் எண்டால் அது ஒண்டுதான், அது என்ரை. பிள்ளையின்ரை கணக்கிலை அதைப் போடாதையுங்கோ." வாழ்க்கையிலை எத்தினையோ பேரோடை சண்டை பிடிச்சிருக்கிறன், ஒருநாளும் என்ரை பிழையை அப்பிடிச் சொன்னதில்லை. ஒருத்தரும் சிரிக்கேல்லை. றஜிந்தன் சேர்தான் எழும்பி, "இப்ப அங்கை இறைப்பு நடக்குது. நான் திரும்பப் போய் அளக்கிறன், ஞாயிறும் சேத்து" எண்டார்.

வந்தார். சனி வந்தார், ஞாயிறு வந்தார், திங்கள் காலமை ஆறு மணிக்கும் மோட்டார் சைக்கிளிலை வந்து நிண்டார். மீற்றரை வைச்சார். ரண்டாயிரத்து நானூற்று ஐம்பது. துடைச்சுப்போட்டுத் திரும்ப வைச்சார். அதேதான். மீற்றரைப் பைக்குள்ளை வைச்சிட்டு, "கோபிகா, நான் இதை உங்களிட்டைக் கேட்டிருக்கவேணும். எழுத முதல் கேட்டிருக்கவேணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டார். எனக்கு அந்த ஆளிலை இருந்த கோவம் முழுக்க அதோடை போட்டுது. இடியப்பமும் சம்பலும் குடுத்துத்தான் அனுப்பினன்.

அண்டைக்கே கோபிகா எங்கள் ரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்திப்போட்டு, மாமா பகல் முழுக்க இறைச்ச அடுத்த நாளே அம்மா இறைக்கிறதாலைதான் உவர்த் தண்ணி பட்டு வெங்காயம் கருகுது, மாமா இறைச்ச பிறகு ஒரு நாள் கிணத்தை விட்டிட்டு அம்மா இறையுங்கோ எண்டாள். இப்ப ஞாயிறும் புதனும் அண்ணை, செவ்வாயும் வெள்ளியும் நான். தாள் நுனி பச்சையா நிக்குது.

போன மாசம் கடைசி மாக்ஸ் வந்தது. டியை வெட்டிப்போட்டு பி போட்டிருக்கினம். அந்தக் கற்பனை எண்ட வரியையும் எடுத்திட்டினம். டிப்ளோமா உறுதி. கோபிகா சிரிச்சாள். ஆனால் எனக்குக் கோவம் ஏறிட்டுது.

"ஏன் பி? சேர் தன்ரை வாயாலை சரியெண்டு சொன்னவரெல்லோ? ஏ தரவேணும்! திரும்ப எழுதிப் போடு. இப்ப எங்களிட்டைச் சாட்சியும் இருக்கு, கலண்டரும் இருக்கு."

"ஓம், விடக்கூடாது" எண்டு அண்ணையும் சேந்துகொண்டார். "நான் எத்தினை தரமெண்டாலும் வேட்டி கட்டிக்கொண்டு வாறன்." நாலு வருசம் முகம் பாக்காத ரண்டு பேரும் இப்ப ஒரு பக்கம் நிண்டு சண்டைக்கு ஆயத்தம்.

கோபிகா எங்கள் ரண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தாள். "வேண்டாம் அம்மா. ஒரு கிணத்திலை ரண்டு பேர் இறைக்கினம். நான் ஒராளை விட்டிட்டு எழுதினனான். அதுக்கு பி தான் சரி. இது நியாயமான மாக்ஸ்."

சொல்லிப்போட்டு வேலைக்கு விண்ணப்பம் நிரப்ப உள்ளை போயிட்டாள். நானும் அண்ணையும் ஒராளை ஒராள் பாத்தம். பேந்து அண்ணை மோட்டர் போடப் போனார், நான் அவருக்குத் தண்ணி மாறப் போனன்.